மஞ்சள் ஒயரின் கதை

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் டப்பாவான எஸ்எம்பிஎஸ், பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய ஒன்றைக் கழற்றி மேசையில் வைத்தால், அதிலிருந்து தொங்கும் ஒயர்க்கொத்தில் முதலில் கண்ணில் படுவது நிறங்கள்தான். சிவப்பு 5 வோல்ட். ஆரஞ்சு 3.3 வோல்ட். மஞ்சள் 12 வோல்ட். கறுப்பெல்லாம் கிரவுண்ட். கூட்டத்தில் ஒரே ஒரு பச்சை, ஒரே ஒரு ஊதா. புதிதாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறவர், “என்னிடம் பழைய 450 வாட் இருக்கிறது, தாங்குமா?” என்று கடையில் கேட்கிறார். விவரம் தெரிந்த கடைக்காரர் அந்த 450-ஐக் காதில் வாங்கிக்கொள்ள மாட்டார். லேபிளைத் திருப்பி, 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்று பார்ப்பார். மஞ்சள் ஒயருக்கு இந்த மதிப்பு வந்து சேர இருபது ஆண்டுகள் பிடித்தன.

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்தியது. மாடல் எண் 5150. அதனுள் இருந்த எஸ்எம்பிஎஸ் தந்தது மொத்தம் 63.5 வாட். 5 வோல்ட்டில் 7 ஆம்பியர், அதாவது 35 வாட். 12 வோல்ட்டில் 2 ஆம்பியர், 24 வாட். மைனஸ் 5, மைனஸ் 12 வோல்ட் என்ற இரண்டு சில்லறைத் தேவைகளுக்கு மிச்சம் 4.5 வாட். பிராசஸர், திரையில் எழுத்தைக் காட்டும் கார்டு, சுற்றிலும் இருந்த பெரும்பாலான சில்லுகள் எல்லாம் 5 வோல்ட்டில் ஓடின. 12 வோல்ட்டின் முதன்மையான வேலை ஃப்ளாப்பி டிரைவின் மோட்டாரைச் சுற்றுவது. அன்றைய திரை கார்டில் விசிறி கிடையாது, ஹீட்சிங்க்கூடக் கிடையாது.

பழைய எஸ்எம்பிஎஸ், புதிய கார்டு என்ற சிக்கல் அந்த இயந்திரத்தோடுதான் பிறந்தது. ஆனால் முதலில் அதைக் கிளப்பியது ஹார்டு டிஸ்க். 1983-ல் 10 எம்பி ஹார்டு டிஸ்க்கோடு வந்த பிசி எக்ஸ்டி மாடலில் ஐபிஎம் 130 வாட் வைத்தது. 12 வோல்ட் 4.2 ஆம்பியராக இரட்டித்தது. 1981-ல் வாங்கியவர்கள் தங்கள் பழைய பெட்டியில் ஹார்டு டிஸ்க் பொருத்த விரும்பினால் எஸ்எம்பிஎஸ்ஸையும் சேர்த்து மாற்ற வேண்டியிருந்தது. 1984-ல் வந்த பிசி ஏடி 192 வாட்டுக்குப் போனது. அடுத்த ஆண்டு கலிஃபோர்னியாவில் தொடங்கப்பட்ட பிசி பவர் அண்ட் கூலிங் என்ற நிறுவனம், கம்ப்யூட்டரோடு வந்ததைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொள்ளும் எஸ்எம்பிஎஸ்ஸை விற்றே பிழைக்க முடியும் என்று காட்டியது.

இவ்வளவு மின்சாரம் இவ்வளவு சிறிய டப்பாவில் அடங்கியதற்குப் பின்னால் இன்னொரு மாற்றம் இருக்கிறது. 1975-ல் வந்த ஆல்டேர் 8800 கம்ப்யூட்டரில் கனமான டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று உட்கார்ந்து, ஏறத்தாழ 8 வோல்ட்டைச் சீர்படுத்தாமல் அப்படியே அனுப்பும். ஒவ்வொரு கார்டும் தன்மேல் ஒரு ரெகுலேட்டரை வைத்து அதை 5 வோல்ட்டாகக் குறைத்துக்கொள்ளும். மீதி வெப்பமாக வீணாகும். 1977-ல் ஆப்பிள் 2-க்காக ராட் ஹோல்ட் வடிவமைத்த எஸ்எம்பிஎஸ்ஸோ கையடக்கமாக, விசிறி தேவைப்படாத அளவுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. எல்லாரும் அதைத்தான் நகலெடுத்தார்கள் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் பின்னாளில் சொல்லிக்கொண்டார். உண்மையில் 1970-களிலேயே ராபர்ட் பாஷர்ட்டின் நிறுவனம் போன்றவை இத்தகைய எஸ்எம்பிஎஸ்களைத் தயாரித்து விற்றுக்கொண்டிருந்தன. ஹோல்ட் அதை வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தார்.

உள்ளே நடப்பது சுருக்கமாக இதுதான். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏசியை முதலில் சுமார் 325 வோல்ட் டிசியாக்குவார்கள். அதை டிரான்ஸிஸ்டர்கள் விநாடிக்குப் பல பத்தாயிரம் தடவை வெட்டி வெட்டி அனுப்பும். அலைவெண் கூடினால் டிரான்ஸ்ஃபார்மர் சிறுத்துவிடும் என்பதால், கிலோக்கணக்கில் இரும்பு வேண்டிய இடத்தில் ஒரு சிறு ஃபெரைட் கட்டி போதுமானது. அமெரிக்காவின் 115 வோல்ட்டுக்கும் நம் 230 வோல்ட்டுக்கும் ஒரே சர்க்யூட் பொருந்த, பின்பக்கம் ஒரு சிவப்பு ஸ்லைடு ஸ்விட்ச் வைத்தார்கள். அதை 115-க்குத் தள்ளினால் உள்ளே வோல்ட்டேஜ் இரட்டிக்கும். 115 என்று நின்ற ஸ்விட்ச்சைக் கவனிக்காமல் இந்தியாவில் பிளக்கைச் செருகினால், 325 வரவேண்டிய இடத்தில் 650 வோல்ட் வரும். டமார் என்ற சத்தமும் வெடித்த கெபாசிட்டரின் நாற்றமுமாக அந்த எஸ்எம்பிஎஸ்ஸின் ஆயுள் முடிந்துவிடும்.

நம் வீடுகளுக்கே உரிய இன்னொரு தொந்தரவும் இதே டப்பாவிலிருந்து வருகிறது. கேபினெட்டின் தகரத்தில் கை பட்டால் சுரீர் என்கிறதா? மின்னிரைச்சலை வடிகட்ட உள்ளே இரண்டு சிறிய கெபாசிட்டர்கள் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் தகரத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். வீட்டில் எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் தகரம் ஏறத்தாழ பாதி வோல்ட்டேஜில், 115 வோல்ட் அருகே, மிதந்துகொண்டிருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினாலும் அந்த ஷாக் போகாது. எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட வேண்டும்.

ஏடி காலத்து மதர்போர்டுகளுக்கு மின்சாரம் போனது பி8, பி9 என்ற இரண்டு கனெக்டர்கள் வழியே. இரண்டும் ஒரே அளவு. இடம் மாற்றிச் செருகினால் போர்டு போச்சு. கறுப்பு ஒயர்கள் நடுவில் ஒன்றை ஒன்று பார்த்தபடி நிற்க வேண்டும் என்பது அன்றைய சர்வீஸ்காரர்களின் முதல் பாடம். 1995-ல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் தரம் அந்த அபாயத்தைப் போக்கியது. திருப்பிச் செருகவே முடியாத ஒற்றை 20 பின் கனெக்டர், புதிதாக 3.3 வோல்ட், அணைந்திருக்கும்போதும் உயிரோடிருக்கும் ஊதா நிற ஸ்டாண்ட்பை ஒயர், எஸ்எம்பிஎஸ்ஸை எழுப்பும் பச்சை ஒயர் என நான்கும் அதோடு வந்தன. பச்சையையும் கறுப்பையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, விசிறி சுற்றுகிறதா என்று பார்க்கும் சோதனை இன்றும் சர்வீஸ் கடைகளில் நடக்கிறது. அது எஸ்எம்பிஎஸ் செத்துவிட்டதா என்று மட்டும் சொல்லும். புதிய கார்டின் பளுவைத் தாங்குமா என்பதற்கு அதில் விடை கிடையாது.

1996-ல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டு முப்பரிமாண விளையாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தபோதும், கார்டுகள் ஸ்லாட் தரும் மின்சாரத்திலேயே காலம் தள்ளின. அதே ஆண்டு இன்டெல் வெளியிட்ட ஏஜிபி ஸ்லாட் தரத்தில் 3.3 வோல்ட்டுக்கு 6 ஆம்பியர், 5 வோல்ட்டுக்கு 2 ஆம்பியர், 12 வோல்ட்டுக்கு வெறும் 1 ஆம்பியர் ஒதுக்கப்பட்டது. முதல் உரசல் 1999-ல் தெரிந்தது. என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 256, சூப்பர் சாக்கெட் 7 வகை மதர்போர்டுகள் சிலவற்றில் பொருத்தியதும் தடுமாறியது. ஸ்லாட்டுக்கு 3.3 வோல்ட்டைத் தரும் ரெகுலேட்டரால் அந்தப் போர்டுகளில் அந்த இழுப்புக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸில் மின்சாரம் மிச்சம் இருந்தும் கார்டு வரை அது போய்ச் சேரவில்லை.

2000-ல் 3டிஎஃப்எக்ஸ் ஒரு குறுக்குவழி கண்டது. இரண்டு சில்லுகள் கொண்ட வூடூ5 5500 கார்டின் மேலேயே, ஹார்டு டிஸ்க்குக்குச் செருகும் அதே நான்கு பின் மோலெக்ஸ் கனெக்டரை வைத்துவிட்டது. நான்கு சில்லுகளோடு திட்டமிட்ட வூடூ5 6000 இன்னும் ஒரு படி மேலே போனது. வீட்டுக் கம்ப்யூட்டர்களின் எஸ்எம்பிஎஸ்ஸை நம்பாமல், சுவரில் தனியாகச் செருகி கார்டின் பின்புறத்தில் இணைக்கும் ‘வூடூ வோல்ட்ஸ்’ என்ற வெளி அடாப்டரை நிறுவனம் தயாரித்தது. கார்டு கடைக்கு வரவே இல்லை. அந்த ஆண்டு டிசம்பரில் தன் சொத்துகளை என்விடியாவுக்கு விற்பதாக 3டிஎஃப்எக்ஸ் அறிவித்தது.

மஞ்சள் ஒயரின் தலையெழுத்தை மாற்றியது கிராஃபிக்ஸ் கார்டு அல்ல, பிராசஸர். 2000 நவம்பரில் வந்த பென்டியம் 4 ஐம்பது வாட்டுக்கு மேல் கேட்டது. அதை 5 வோல்ட்டில் கொடுத்தால் 10 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். 12 வோல்ட்டில் கொடுத்தால் நாலரை ஆம்பியர் போதும். ஒயரில் வெப்பமாக வீணாவது மின்னோட்டத்தின் இருமடிக்கேற்பக் கூடுவதால், 12 வோல்ட்டுக்கு மாறினால் அந்த இழப்பு சுமார் ஆறில் ஒரு பங்காகிவிடும். இன்டெல் அதே ஆண்டில் ஏடிஎக்ஸ்12வி என்ற திருத்தத்தை வெளியிட்டு, இரண்டு மஞ்சள், இரண்டு கறுப்பு ஒயர்கள் கொண்ட நான்கு பின் கனெக்டரைப் பிராசஸருக்கென்றே சேர்த்தது. பிராசஸர் பக்கத்திலேயே 12 வோல்ட்டை இரண்டு வோல்ட்டுக்கும் கீழே குறைக்கும் சர்க்யூட்டை மதர்போர்டு ஏற்றுக்கொண்டது. கிராஃபிக்ஸ் கார்டுகளும் அடுத்து அதே வழியைப் பிடித்தன.

இங்கேதான் பழைய எஸ்எம்பிஎஸ்கள் ஏன் தோற்றன என்பது விளங்குகிறது. 2001 காலத்து 300 வாட் எஸ்எம்பிஎஸ்ஸின் லேபிளில் 5 வோல்ட்டுக்கு 30 ஆம்பியர், 12 வோல்ட்டுக்கு 15 ஆம்பியர் என்ற அளவில் போட்டிருக்கும். பெயர் 300 வாட். மஞ்சள் ஒயரில் கிடைப்பது 180. அது மட்டுமல்ல. அக்காலத்து மலிவான சர்க்யூட்டுகளில் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகள்: ஒன்று மட்டும் பளுவை இழுத்தால் இரண்டும் தடுமாறும். புதிய கார்டு 12 வோல்ட்டை இழுக்க, 5 வோல்ட் சும்மா கிடக்க, கட்டுப்பாட்டுச் சர்க்யூட் இரண்டுக்கும் சராசரி பார்த்துச் சரிசெய்யப் போய் 12 வோல்ட் 11-ஐ நோக்கி இறங்கும், 5 வோல்ட் தன் அளவுக்கு மேல் ஏறும். மொத்த வாட்டில் பாதிகூடச் செலவாகாதபோதே கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். சிவப்பு ஒயருக்காகக் கட்டப்பட்ட வண்டியில் மஞ்சளை இழுக்கச் சொன்னதன் விளைவு அது.

அதன்பின் கார்டுகள் வெளிப்படையாகவே கை நீட்டத் தொடங்கின. 2002-ல் ஏடிஐ வெளியிட்ட ரேடியான் 9700 புரோ, ஃப்ளாப்பி டிரைவுக்கான குட்டிக் கனெக்டரைக் கேட்டது. செருக மறந்தால், பவர் கேபிள் இணைக்கப்படவில்லை என்று திரையில் எச்சரிக்கை வரும். அடுத்த ஆண்டு ரேடியான் 9800 புரோவும் ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ராவும் பெரிய மோலெக்ஸுக்கு மாறின. 2004 ஏப்ரலில் வந்த ஜீஃபோர்ஸ் 6800 அல்ட்ராவுக்கு ஒன்று போதவில்லை, இரண்டு மோலெக்ஸ். அதற்கு 480 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று என்விடியா பரிந்துரைத்தபோது, 300 வாட்டோடு நிம்மதியாக இருந்த பலர் முதல்முறையாகத் தங்கள் கேபினெட்டின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தார்கள்.

அதே 2004-ல் பிசிஐ எக்ஸ்பிரஸ் கடைக்கு வந்தது. கிராஃபிக்ஸுக்கான அதன் நீள ஸ்லாட் 75 வாட் தரலாம். அதில் 66 வாட் 12 வோல்ட்டிலிருந்து, 5.5 ஆம்பியராக, மீதி 3.3 வோல்ட். ஏஜிபியின் 1 ஆம்பியரோடு ஒப்பிட்டால் ஒரே தாவலில் ஐந்தரை மடங்கு. 5 வோல்ட் அந்த ஸ்லாட்டிலிருந்து முற்றிலும் போய்விட்டது. ஜீஃபோர்ஸ் 6600 ஜிடி கார்டு இந்த மாற்றத்துக்கு நல்ல சாட்சி. அதன் பிசிஐ எக்ஸ்பிரஸ் வடிவத்துக்கு வெளி ஒயர் தேவையில்லை. அதே சில்லோடு ஏஜிபி வடிவத்தில் வந்த கார்டில் மோலெக்ஸ் கனெக்டர் இருந்தது.

75 வாட்டுக்கு மேல் வேண்டியவற்றுக்காக 6 பின் கனெக்டர் வந்தது. அதுவும் 75 வாட்டுக்கு உரியது. பழைய எஸ்எம்பிஎஸ்களில் அது கிடையாது என்பதால், கார்டு பெட்டிக்குள்ளேயே இரண்டு மோலெக்ஸை ஒரு 6 பின்னாக்கும் அடாப்டர் ஒன்றைத் தயாரிப்பாளர்கள் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு மோலெக்ஸும் வெவ்வேறு கேபிளிலிருந்து வரவேண்டும் என்ற அறிவுரையைப் படித்தவர்கள் குறைவு. பின்னால் சந்தைக்கு வந்த இன்னொரு அடாப்டர் அதைவிட மோசம்: ஹார்டு டிஸ்க்கின் சாட்டா கனெக்டரை 6 பின்னாக்குவது. சாட்டாவில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர், பெருக்கினால் 54 வாட். அதிலிருந்து 75 வாட் இழுத்தால் பிளாஸ்டிக் உருகும். 2017-ல் கிரிப்டோ மைனிங் மோகத்தில் பத்துப் பன்னிரண்டு கார்டுகளை வரிசையாக அடுக்கியவர்கள் இதைக் கருகிய கனெக்டர்கள் மூலம் கற்றுக்கொண்டார்கள்.

2003-ல் வந்த ஏடிஎக்ஸ்12வி 2.0 தரம் 12 வோல்ட்டை முதன்மைக் கோடாக ஏற்று, 20 பின்னை 24 ஆக்கியது. ஆனால் கூடவே ஒரு குழப்பத்தையும் கொண்டுவந்தது. ஒரே கோட்டில் 240 வோல்ட்-ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது என்ற பாதுகாப்பு விதிக்காக 12 வோல்ட்டை 12வி1, 12வி2 என்று பிரித்தார்கள். இரண்டுக்கும் தலா 18 ஆம்பியர் என்று லேபிளில் இருந்தால், பயனர்கள் கூட்டி 36 என்று கணக்குப் போட்டார்கள். இரண்டும் உள்ளே ஒரே ஊற்றிலிருந்து வருவதால் மொத்தம் அதைவிடக் குறைவு. 2006 நவம்பரில் ஜீஃபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ் இரண்டு 6 பின் கனெக்டர்களோடு வந்தபோது, வெறும் வாட்டைச் சொல்லி நிறுத்தாமல், 12 வோல்ட்டில் 30 ஆம்பியர் வேண்டும் என்றும் சேர்த்தே குறிப்பிட்டார்கள். ஐந்தாண்டுக்கு முந்தைய 300 வாட்டில் இருந்ததைப் போல இரண்டு மடங்கு.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தவர்கள் இந்தக் கணக்கை வேறு வழியில் சந்தித்தார்கள். அங்கே எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் தனியாக வாங்கும் பொருளாகவே இருந்ததில்லை. கேபினெட்டோடு சேர்ந்தே வரும். பிராசஸருக்கும் ரேமுக்கும் பேரம் பேசியவர்கள், கேபினெட்டுக்குள் ஏற்கெனவே முடுக்கியிருந்த டப்பாவைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆன்போர்டு கிராஃபிக்ஸோடு டைப்பிங்கும் டேலியும் ஓடும்வரை எந்தக் குறையும் இல்லை. இரண்டு ஆண்டு கழித்து விளையாட்டுக்கென்று கார்டு வாங்கிச் செருகும் நாளில்தான் அதன் உண்மை பலம் தெரியும். கையில் தூக்கி எடை பார்ப்பது தெருவில் வழங்கிய எளிய சோதனை. நல்ல ஹீட்சிங்க், பெரிய டிரான்ஸ்ஃபார்மர், தடித்த ஒயர் எல்லாம் கனக்கும் என்பதால் அந்தச் சோதனையில் நியாயமும் இருந்தது.

லேபிள் ஏமாற்று இங்கு மட்டும் நடந்ததல்ல. ஒரு நொடி தாக்குப்பிடிக்கும் உச்சத்தைத் தொடர்ந்து தரும் திறன்போல அச்சிடுவது உலகெங்கும் வழக்கம். டாம்ஸ் ஹார்ட்வேர் 2002-லேயே எஸ்எம்பிஎஸ்களைச் சுமையேற்றிச் சோதித்து, லேபிளில் உள்ளதை அவற்றில் சில தருவதில்லை என்று எழுதியது. 2004-ல் அமெரிக்காவில் தொடங்கிய 80 பிளஸ் திட்டம், 20, 50, 100 சதவீதச் சுமைகளில் 80 சதவீதத் திறனாவது வேண்டும் என்று விதித்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்தவே அது வந்தது. ஆனால் முழுச் சுமையில் நின்று காட்டியாக வேண்டும் என்பதால் பொய் லேபிளுக்கும் ஓரளவு கடிவாளமானது. அந்தச் சோதனை 23 டிகிரி அறையில் நடக்கிறது. மே மாதத்து மதுரையிலோ வேலூரிலோ, கேபினெட்டுக்குள் கிராஃபிக்ஸ் கார்டு கக்கும் காற்றையே மூச்சாக இழுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அந்த வசதி கிடைப்பதில்லை.

வெப்பம் இங்கே வெறும் அசௌகரியம் அல்ல. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் முதலில் மூப்பது எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள். உள்ளிருக்கும் திரவம் மெல்ல உலர, வோல்ட்டேஜில் அலை கூடும். பத்து டிகிரி வெப்பம் கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. 2000-களின் தொடக்கத்தில் திரவத்தின் கலவையே கெட்டுப்போன கெபாசிட்டர்கள் உலகச் சந்தையில் கலந்து, மதர்போர்டுகளிலும் எஸ்எம்பிஎஸ்களிலும் தலை உப்பி வெடித்தன. டெல்லின் ஆப்டிபிளெக்ஸ் ஜிஎக்ஸ்270 மாடல் அதில் பெயர் கெட்டது. நல்ல கெபாசிட்டரானாலும், பத்தாண்டு ஓடிய 500 வாட் எஸ்எம்பிஎஸ்ஸிடம் முதல் நாளின் 500-ஐ எதிர்பார்க்க முடியாது.

யுபிஎஸ்ஸும் இந்தக் கணக்கில் சேரும். மின்வெட்டுக்காகத் தமிழ்நாட்டு வீடுகளில் கம்ப்யூட்டரோடு வாங்கிய 600 விஏ யுபிஎஸ் தருவது பெரும்பாலும் 360 வாட்தான். கார்டு மாற்றி, எஸ்எம்பிஎஸ்ஸும் மாற்றியவர்கள் கரண்ட் போன நொடியில் எல்லாம் சேர்ந்து அணைவதைக் கண்ட பிறகே மூன்றாவதாக ஒரு பெட்டியும் இருப்பதை நினைத்துப் பார்த்தார்கள்.

2007-ல் 8 பின் கனெக்டர் வந்தது. அதற்கு 150 வாட். மஞ்சள் ஒயர்கள் 6 பின்னில் இருந்த அளவுதான், மூன்று. கூடுதலாக வந்த இரண்டும் கறுப்பு. அந்த மே மாதம் வந்த ரேடியான் எச்டி 2900 எக்ஸ்டி இரண்டு 6 பின்னோடும் ஓடும். ஆனால் 8 பின் செருகினால்தான் ஓவர்கிளாக் செய்யும் வசதி திறக்கும். 2014-ல், ஏடிஐயை வாங்கியிருந்த ஏஎம்டியின் ரேடியான் ஆர்9 295எக்ஸ்2, 500 வாட் கார்டு, இரண்டே 8 பின்களோடு வந்தது. ஸ்லாட்டையும் சேர்த்து விதிப்படி கிடைப்பது 375 வாட். 2016-ல் ரேடியான் ஆர்எக்ஸ் 480 இன்னொரு பக்கம் மீறியது: ஒற்றை 6 பின் இருந்தும், ஸ்லாட்டின் எல்லையைத் தாண்டி மதர்போர்டிலிருந்து இழுத்தது. அடுத்த மாதமே புதிய டிரைவர் மென்பொருளால் ஏஎம்டி அதைச் சரிசெய்தது.

எல்லாக் கார்டும் ஒரே திசையில் ஓடவில்லை. 2014 பிப்ரவரியில் வந்த ஜீஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 750 டிஐ 60 வாட்டில் ஓடியது, வெளி ஒயரே வேண்டாம். 2016-ல் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 75 வாட். நிறுவனங்கள் கழித்துக்கட்டிய அலுவலகக் கம்ப்யூட்டர்களைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி, இந்தக் கார்டுகளில் ஒன்றைச் செருகி விளையாட்டுப் பெட்டியாக்குவது மாணவர்களின் வழக்கமானது. அந்தக் கம்ப்யூட்டர்களில் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுவது எளிதல்ல. 1990-களின் பிற்பகுதியில் டெல், பார்வைக்கு ஏடிஎக்ஸ் போலவே இருக்கும் கனெக்டரில் ஒயர்களை வேறு வரிசையில் வைத்து விற்றது. சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸைச் செருகியவர்கள் போர்டைப் பறிகொடுத்தார்கள். இன்றைய பிராண்டட் பெட்டிகளில் கனெக்டரின் உருவமே வேறு என்பதால் அந்த விபத்து நடக்காது. மாற்றவும் முடியாது.

குறைவாகக் கேட்பதும் பழைய எஸ்எம்பிஎஸ்ஸுக்குச் சிக்கலாகலாம். 2013-ல் இன்டெல்லின் ஹாஸ்வெல் பிராசஸர் ஆழ்ந்து உறங்கும்போது 12 வோல்ட்டில் 0.05 ஆம்பியர் மட்டுமே எடுத்தது. அதற்கு முந்தைய தரம் 0.5 ஆம்பியராவது இருக்கும் என்று வைத்திருந்தது. பூட்டிய மாடுகள் வகையைச் சேர்ந்த சர்க்யூட்டுகள் இந்த வெறுமையில் நிலைதவறும். அதற்குள் நல்ல தயாரிப்பாளர்கள், 12 வோல்ட்டை மட்டுமே முதலில் உருவாக்கி, 5-ஐயும் 3.3-ஐயும் அதிலிருந்து சிறு துணைச் சர்க்யூட்டுகளால் எடுக்கும் வடிவத்துக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். சிவப்பு ஒயர் மஞ்சளின் கிளையாகிவிட்டது.

2020 செப்டம்பரில் வந்த ஆர்டிஎக்ஸ் 3090 கேள்வியையே மாற்றியது. கார்டின் அளவு 350 வாட். சராசரி அதுதான். ஆனால் சில்லு ஓய்விலிருந்து பாய்ச்சலுக்குப் போகும் கணத்தில், மைக்ரோவிநாடிக் கணக்கில், அதைவிடப் பலமாக இழுக்கும். 750 வாட், 850 வாட் என்று நல்ல பெயரெடுத்த எஸ்எம்பிஎஸ்கள் சிலவும் விளையாட்டின் நடுவே பட்டென்று அணைந்தன. அவை பழுதாகவில்லை, உள்ளிருந்த பாதுகாப்புச் சர்க்யூட் அந்தத் தாவலை ஷார்ட் என்று நினைத்து வாசலைச் சாத்தியது. கூர்மையான காவல் வைத்த விலை உயர்ந்தவையே முதலில் அணைந்ததும் உண்டு. 2022 பிப்ரவரியில் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 இதற்கு எண் கொடுத்தது: எஸ்எம்பிஎஸ் தன் திறனைப் போல இரண்டு மடங்கை 100 மைக்ரோவிநாடி, அதாவது விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம், தாங்க வேண்டும். கார்டுகளோ தங்கள் அளவைப் போல மூன்று மடங்கு வரை அந்த நேரத்துக்குத் தாவலாம். 300 வாட் கார்டு 900-ஐத் தொடலாம். பழைய எஸ்எம்பிஎஸ் எதன் லேபிளிலும் இந்த எண் கிடையாது.

அதே தரத்தோடு வந்ததுதான் 12விஎச்பிடபிள்யுஆர் கனெக்டர். ஒரே செருகலில் 600 வாட். ஆறு மஞ்சள் பின்கள், மொத்தம் 50 ஆம்பியர், பின் ஒன்றுக்கு 8.3. பழைய 8 பின்னில் ஒவ்வொரு பின்னும் சுமந்தது 4.2 ஆம்பியர்தான், பின்களுக்கு இடையிலான தூரமும் 4.2 மில்லிமீட்டர். இங்கே தூரம் 3 மில்லிமீட்டர். கூடவே நான்கு குட்டி ஒயர்கள்; அவற்றில் இரண்டு, அந்த எஸ்எம்பிஎஸ் 150, 300, 450, 600 வாட்டில் எதைத் தர முடியும் என்று கார்டுக்குச் சொல்லும். பழைய எஸ்எம்பிஎஸ் வைத்திருப்பவர்களுக்காக, 2022 அக்டோபரில் வந்த ஆர்டிஎக்ஸ் 4090-இன் பெட்டியில் நான்கு 8 பின்களை ஒன்றாக்கும் அடாப்டர் இருந்தது. சில நாட்களிலேயே உருகிய கனெக்டர்களின் படங்கள் வரத் தொடங்கின. நவம்பரில் உலகெங்கும் சுமார் 50 புகார்கள் என்று சொன்ன என்விடியா, முழுதாகச் செருகாததையே காரணமாகக் காட்டியது. 2023-ல் கனெக்டரைத் திருத்தி 12வி-2x6 என்று பெயர் வைத்தார்கள். குட்டிப் பின்களைக் குட்டையாக்கியதால், கனெக்டர் கடைசிவரை போகாவிட்டால் கார்டு மின்சாரமே கேட்காது.

இப்போதைய 1000 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றின் லேபிளில் 5 வோல்ட், 3.3 வோல்ட் இரண்டுக்கும் சேர்த்தே சுமார் 100 முதல் 130 வாட்தான். 12 வோல்ட்டுக்கு 83 ஆம்பியர், ஏறத்தாழ முழு ஆயிரமும். ஏடிஎக்ஸ்12விஓ என்ற இன்டெல்லின் தரம் இன்னும் ஒரு படி போய், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வெளிவருவது 12 வோல்ட் மட்டும்தான், மற்றவற்றை மதர்போர்டே செய்துகொள்ளட்டும் என்கிறது. 10 பின் கனெக்டர் போதும். கடைச் சந்தையில் 24 பின் இன்னும் நிலைத்திருக்கிறது. பிராண்டட் கம்ப்யூட்டர்களில் பல, தங்கள் சொந்தக் கனெக்டர்களோடு, அந்த வழிக்கு எப்போதோ போய்விட்டன.

2025 ஜனவரியில் கடைக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 5090 575 வாட் கார்டு. 1981-இன் ஐபிஎம் பிசி ஒன்பதின் மொத்த மின்சாரம் அதற்கு மட்டும் வேண்டும். அதற்கு 1000 வாட் எஸ்எம்பிஎஸ் பரிந்துரைக்கப்படுகிறது. பெட்டியில் நான்கு 8 பின் அடாப்டர் இப்போதும் வருகிறது. அதே நிறுவனம் ஓராண்டுக்கு முன், 2024 பிப்ரவரியில், ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வடிவத்தை 70 வாட்டில், கனெக்டரே இல்லாமல் வெளியிட்டது. 2004-ல் கடைக்கு வந்த 75 வாட் ஸ்லாட் வரம்பு இருபது ஆண்டுகளாக மாறவில்லை. பழைய அலுவலகக் கம்ப்யூட்டரோடு வருபவருக்குக் கடைக்காரர் இன்று எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் இந்த வகைக் கார்டைத்தான்.